ஐம்பது நிமிடத் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை என்றால் முத்துமீனா தலைக்குக் குளித்துவிட்டு, பத்து மணி வரை ஈரத் தலையோடு சும்மா உட்கார்ந்திருப்பாள். வாரம் முழுக்கக் கல்லூரி லேபில் நின்றுகொண்டே இருப்பவளுக்கு அது ஒன்றுதான் ஆடம்பரம். சித்திரை மாதத்து அந்த ஞாயிறு அதற்குக் கொடுப்பினை இல்லை. ஒத்தக்கடை வாடகை வீட்டைப் பூட்டி, லேப்டாப் பையைத் தோளில் மாட்டி, ஆறரைக்கே டவுன் பஸ் பிடித்து, ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் மாறியிருந்தாள்.

முதல் நாள் சாயங்காலம் அப்பா சின்னான் போன் பண்ணியிருந்தார்.

"தாயி, பெட்டி கள்ளத்தனம் பண்ணுதுங்குறாக. நாளைக்கு நீ வந்து எல்லாருக்கும் முன்னாடி பதில் சொல்லணுமாம். இல்லேன்னா நம்மளப் பங்குல இருந்து நீக்கிப்புடுவாகளாம்."

"யாருப்பா சொல்றது?"

"சிவனாண்டிதேன். வேற யாரு."

பங்கு என்றால் கிணற்றுப் பங்கு. உசிலம்பட்டிக்கு மேற்கே, மினி பஸ் திரும்பும் முக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்தக் கிணறு இருக்கிறது. நாலு பேருக்குச் சொந்தம். ஊரில் பெரிய கை சிவனாண்டி ஒருவர். டிராக்டர் வைத்திருக்கும் அருண்பாண்டி ஒருவன். புருஷன் செத்த பிறகு தனியாகக் கத்தரி போடும் ஒச்சாயி ஒருத்தி. நாலாவது, ஆறு வருடத்துக்கு முன்னால் ஒன்றரை ஏக்கரையும் கால் பங்குக் கிணற்றையும் விலைக்கு வாங்கிய சின்னான். அதற்கு முன்னால் இருபது வருடம் அதே கிணற்றடியில் அவர் கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர். பத்திரம் என்னவோ சின்னான் பெயரில் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மோட்டார் கனெக்‌ஷன் சிவனாண்டி பெயரில். குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டால், கோர்ட்டுக்கு அலைந்து தீர்ப்பு வாங்குவதற்குள் நாலு வெள்ளாமை கருகிப்போகும்.

மோட்டார் ஓடத் தேவையான மும்முனைக் கரண்ட் அங்கே காலை ஆறு மணிக்கு வரும், பன்னிரண்டுக்குப் போய்விடும். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் தண்ணீர். கிணற்றை ஒட்டிய நிலம் என்பதால் முதல் முறை சின்னானுக்கு. அடுத்தது சிவனாண்டி, பிறகு அருண்பாண்டி, கடைசியில் ஒச்சாயி. சின்னான் கூலிக்காரராக இருந்த காலத்தில் முறை மாற்றிவிடுகிற வேலையும் அவருடையதுதான். கையில் கடிகாரம் கிடையாது. மோட்டார் ரூம் சுவரின் நிழல் எந்தக் கல்லைத் தொடுகிறது என்று பார்ப்பார், "மாத்துறேன்!" என்று சத்தம் கொடுப்பார். அதில் ஒருத்தரும் ஒரு நாளும் குறை கண்டதில்லை. அவரே பங்காளி ஆனதும் கதை மாறியது. தண்ணீர் வாங்குகிறவனே மணி சொன்னால் எப்படி என்றார்கள், அது நியாயம்தான். அப்புறம் ஆளாளுக்குத் தன் போனைப் பார்த்து மணி சொல்ல ஆரம்பித்தார்கள். வாய்க்காலில் தண்ணீரை விடச் சண்டை அதிகமாக ஓடியது.

அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் முத்துமீனா பெட்டி செய்தாள். பெட்டிக்குள் இருப்பது ஒரு கணினி. சீட்டுக்கட்டை விடச் சின்னது, ஒரே ஒரு பச்சைப் பலகை. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, விலையோ ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலை. குழாய்களில் கரண்டில் திறந்து மூடும் நாலு வால்வுகளை மாட்டி, நேரம் வந்ததும் ஒன்றை மூடி இன்னொன்றைத் திறக்கும்படி எழுதி வைத்தாள். பழைய போன் சார்ஜர்தான் அதற்குத் தீனி. சாப்பாட்டு டப்பா ஒன்றுதான் அதற்கு வீடு. ராத்திரி பகலாக அங்கே இருக்கிற ஒருமுனைக் கரண்டில் அது விழித்தே இருக்கும்.

அவளுக்கு அந்தப் பலகை மேல் ஏன் அப்படி ஒரு பைத்தியம் என்று கேட்டால், பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அவள் படித்த பள்ளியில் கணினி அறை ஒன்று இருந்தது. எப்போதும் பூட்டியிருக்கும், ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரவும் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். கழற்றி விடுவதற்கு அவளிடம் செருப்பே இல்லை, ஆனாலும் அவளை உள்ளே விட்டதில்லை. தொட்டால் கெட்டுவிடுமாம். பாலிடெக்னிக் முடித்து, செல்போன் ரிப்பேர் கடையில் நாலு வருடம் குனிந்திருந்து, கடைசியில் ஒத்தக்கடைக் கல்லூரியில் லேப் டெக்னீசியனாகச் சேர்ந்தபோது, இந்தப் பலகைகள் ஒரு அட்டைப் பெட்டி நிறைய வந்து இறங்கின. அவளும் சொந்தமாக ஒன்று வாங்கினாள். முதல் நாளே தப்பாக ஒயர் கொடுத்துப் புகைய விட்டாள். யாரும் திட்டவில்லை. அடுத்த சம்பளத்தில் இன்னொன்று வாங்கினாள். தன்னுடைய கணினியைத் தானே எரித்துவிட்டு, ஒருவருக்கும் பதில் சொல்லாமல் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்பது அவளுக்கு எப்பேர்ப்பட்ட சுகமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

இப்போதோ பதில் சொல்லத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

மினி பஸ் இறக்கிவிட்டபோது மணி ஒன்பதே முக்கால். வரப்பில் நடக்கும்போதே அவள் கண்ணில் பட்டது. அப்பாவின் தக்காளிச் செடிகள் கிண்ணென்று நின்றன, பூவும் பிஞ்சுமாக. பக்கத்து நிலங்களும் பரவாயில்லை. கடைசியில் இருந்த ஒச்சாயியின் கத்தரி மட்டும் இலையைத் தொங்கப் போட்டிருந்தது. ஓர வரிசைகள் சருகாகியிருந்தன. முத்துமீனாவுக்கு ஒரு யோசனை வந்தது, வேண்டாம் என்று அதை மேலே வரவிடாமல் அமுக்கிக்கொண்டு நடந்தாள்.

மோட்டார் ரூம் வாசலில் நாலு பேரும் இருந்தார்கள். சிவனாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். கையில் பைப் ரெஞ்சு தயாராக இருந்தது.

"வாத்தா இஞ்சினியரு. ஒங்கப்பன் காட்டைப் பாத்தியா? ஒச்சாயி காட்டையும் பாத்தியா?"

முத்துமீனா யாரையும் ஐயா என்று கூப்பிடுவதில்லை. அப்பாவின் வாயில் இருபது வருடம் கிடந்து தேய்ந்த அந்த வார்த்தை அவளுக்கு ஆகாது. "பாத்தேண்ணே. மொதல்ல பெட்டியத் தெறந்து பாக்குறேன்" என்றாள்.

"கை வைக்காத. நீ உள்ள போயி எதையாச்சும் மாத்திப்புட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுவ. பத்தரைக்கு ஒச்சாயி முறை. மாறுதா இல்லையான்னு எல்லாரும் பாப்போம். மாறலைன்னா இந்த ரெஞ்சு பேசும்."

"சரி. பாப்போம்" என்றாள் முத்துமீனா. வேறு என்ன சொல்வது?

ஒச்சாயி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தன் மடைவாயில் போய் நின்றாள். அருண்பாண்டியின் வயலுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சின்னான் கிணற்று மேட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வந்ததற்கு, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

பத்து பத்து. பத்து இருபது. மோட்டார் சத்தம் ஒரே சீராக மண்டைக்குள் இறங்கியது. வால்வு மாறும்போது டப்பாவுக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக முத்துமீனா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். இத்தனை நாளில் எந்தச் சாமியிடமும் அவள் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. பத்தரை ஆனது. சத்தம் வரவில்லை. பத்து முப்பத்தைந்து. தூரத்தில் ஒச்சாயி மண்வெட்டியை ஊன்றியபடி காய்ந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போதுமாத்தா?" சிவனாண்டி ரெஞ்சைத் தூக்கினார்.

"நில்லுங்கண்ணே!" முத்துமீனா போட்ட சத்தத்தில் அவளே பயந்துபோனாள். "இப்பப் பெட்டியத் தெறக்குறேன். எல்லாரும் வந்து பக்கத்துல நின்னு பாருங்க. எதையும் மாத்த மாட்டேன். பாத்துட்டு அப்புறம் கழட்டுங்க."

அருண்பாண்டி நடுவில் வந்தான். "மாமா, அக்கா சொல்றதையும் பாப்போம். அஞ்சு நிமிசத்துல என்ன குடியா முழுகிரும்?"

ஒச்சாயியையும் கைதட்டிக் கூப்பிட்டார்கள். முத்துமீனா டப்பா மூடியைத் திறந்து லேப்டாப்பில் கேபிளைச் செருகினாள். முதலில் பெட்டியின் மணியைக் கேட்டாள். திரையில் எழுத்து வந்தது. ஒன்பது நாற்பத்தெட்டு. தன் போனைப் பக்கத்தில் வைத்தாள். பத்து முப்பத்தெட்டு.

"அம்பது நிமிசம் பிந்திப் போகுது" என்றாள் மெதுவாக.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அந்தப் பலகைக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. சாதாரணக் கணினியில், கரண்ட் போனாலும் நேரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு காசளவு பேட்டரி இருக்கும். விலையைக் குறைக்க இதில் அதை வைப்பதில்லை. கரண்ட் போனால் இது கடைசியாகப் பார்த்த மணியிலேயே தூங்கிவிடும், வந்ததும் அங்கேயிருந்து எண்ண ஆரம்பிக்கும். இன்டர்நெட் இருந்தால் அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். அதற்காகத்தான் பெட்டிக்குள் சிம் போட்ட டாங்கிள் ஒன்று இருந்தது. இப்போது அதில் பச்சை விளக்கு எரியவில்லை. பதினோரு நாளைக்கு முன்னால் ரீசார்ஜ் முடிந்திருந்தது. அந்தப் பதினோரு நாளில் அங்கே ஐந்து நிமிடம், இங்கே எட்டு நிமிடம் என்று கரண்ட் போனதெல்லாம் சேர்ந்து ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

அதை அவள் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னாள். சொல்லிக்கொண்டே வரும்போது ஒரு விஷயம் நினைவுக்கு வந்து, உடம்பெல்லாம் தெம்பு ஏறியது. கிணற்றுச் செலவு எதுவானாலும், கிரீஸானாலும் பெல்ட்டானாலும், முறை வைத்துத்தான் செய்வார்கள். அந்த முறை எப்போதும் சிவனாண்டியிலிருந்து ஆரம்பிக்கும். அதில் அவருக்கு ஒரு கௌரவம். தை மாதம் பெட்டியை மாட்டியபோது முதல் ரீசார்ஜை முத்துமீனா போட்டாள். அடுத்தது அவர் முறை.

"ரீசார்ஜ் போட வேண்டியது நீங்கண்ணே" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே.

சிவனாண்டியின் முகம் சுருங்கியது. "தண்ணிதேன் வந்துக்கிட்டு இருந்துச்சே. போனு பேசாத பெட்டிக்கு எதுக்கு ரீசார்ஜ்னு விட்டேன்."

அருண்பாண்டி சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெயித்தாகிவிட்டது. இதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் முத்துமீனா கெட்டிக்காரி. அவளுக்கு அது முடியவில்லை. தை மாதம் இதே இடத்தில் நின்று, எம்புட்டுச் சல்லிசாக முடித்துவிட்டேன் பாருங்கள் என்று பெருமை அடித்தது அவளேதான். நகம் அளவில் பேட்டரிக் கடிகாரம் ஒன்று தனியாகக் கிடைக்கிறது. ரெண்டு பரோட்டா விலைதான். இன்டர்நெட் இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டாள்.

"என் மேலயும் தப்பு இருக்கு" என்று அதையும் சொன்னாள். "இன்னொண்ணு. ஒரு வால்வும் தெறக்காம மோட்டார் ஓடுனா குழாய் வெடிச்சிரும். அதனால முறை ஆரம்பிக்காத நேரத்துல எங்கப்பா குழாய் தெறந்தே இருக்குற மாதிரி வச்சிருக்கேன். கெணத்துக்குப் பக்கம்ங்குறதால வச்சேன். காலைல ஆறு மணிக்கு மோட்டார் ஓடும்போது பெட்டிக்கு மணி அஞ்சே பத்துதேன். அந்த அம்பது நிமிசமும் எங்க காட்டுக்குப் பாஞ்சிருக்கு. அதுக்கு மேல ஒன்றரை மணி நேரமும் பாஞ்சிருக்கு. நடுவுல ரெண்டு பேருக்கும் நேரம் தள்ளிப் போச்சே ஒழிய, தண்ணி கொறையல. பன்னெண்டுக்குக் கரண்ட் போயிரும். கொறைஞ்சது அம்புட்டும் ஒச்சாயி அக்காவுக்குத்தேன்."

சிவனாண்டி எதுவோ சொல்ல வந்தார். ரீசார்ஜ் தொண்டையில் நின்றது போலிருக்கிறது, பேசாமல் ரெஞ்சைக் கீழே வைத்தார். அருண்பாண்டி, "மிசினு பண்ணுன கோளாறுக்கு மனுசங்க அடிச்சுக்க இருந்தோம்" என்றான். முத்துமீனாவுக்கு மூச்சு வந்தது. பெட்டியின் மணியைத் திருத்தினாள். 'டிக்' என்றது. தண்ணீர் கடைசி வாய்க்காலுக்குத் திரும்பியது. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

ஒச்சாயி நகரவில்லை. தண்ணீர் தன் பக்கம் ஓடுவதைப் பார்த்தாள். பிறகு கிணற்று மேட்டைப் பார்த்தாள்.

"ஏப்பா சின்னான்" என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "பெட்டிக்கு மணி தெரியல, சரி. இருவது வருசமா நெழலப் பாத்து மணி சொன்னவன் நீ. ஒனக்குமா தெரியல?"

வரும் வழியில் முத்துமீனா அமுக்கி வைத்த யோசனையை ஒச்சாயி எடுத்து எல்லோர் நடுவிலும் வைத்துவிட்டாள். தெரியாது என்று சொல்லுப்பா, சொல்லிவிடு என்று அவளுக்குள் ஒருத்தி கெஞ்சினாள். சொன்னால் யார் மறுக்க முடியும்? வயசாகிவிட்டது, கண் சரியில்லை என்றால் நம்ப மாட்டார்களா?

சின்னான் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வெகு நேரம் தட்டினார்.

"தெரியும்த்தா" என்றார். "மூணாம் நாளே தெரியும். ஏழரை மினி பஸ்ஸு முக்குல திரும்பிப் போயிருச்சு, என் மடையில தண்ணி நிக்கல. நெழலு கல்லத் தாண்டிப் போயிருச்சு, அப்பவும் நிக்கல. ஏன்னு தெரியாது. ஆனா அது ஒந்தண்ணின்னு தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதேன். இருவது வருசம் இந்தத் தண்ணிய அடுத்தவுக காட்டுக்குத் திருப்பித் திருப்பி விட்டேன். ஒரு நாளு, நான் திருப்பாமலே எங்காட்டுக்குப் பாஞ்சுச்சு. நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நாளைக்குச் சொல்லுவோம்னு நெனைச்சேன். மறுநாளும் பாத்துக்கிட்டே இருந்தேன். தப்புத்தேன்."

"கேட்டுக்கிட்டீகளா?" சிவனாண்டி துள்ளி எழுந்தார். ரெஞ்சு மறுபடி கைக்கு வந்துவிட்டது. "களவாணிப் பயலக் கூட்டுச் சேத்தா இப்பிடித்தேன். இன்னைக்கே குழாயக் கழட்டுறேன்."

"இருய்யா" என்றாள் ஒச்சாயி. "காஞ்சது எங்காடு. நான் சும்மா நிக்கிறேன், நீ எதுக்குக் குதிக்கிற? மொதல்ல ஒன் ரீசார்ஜப் போடு."

சிவனாண்டி ரெஞ்சைக் கீழே போட்டார்.

"எம் முறையும் ஒனக்குத்தேன்" என்றார் சின்னான் ஒச்சாயியிடம். "நாளையில இருந்து பதினோரு நாளு. ஆறு மணித் தண்ணியும் நீயே பாச்சிக்க."

முத்துமீனா வாயைத் திறந்தாள். பெட்டி முதல் நாளே ஐம்பது நிமிடம் பிந்திவிடவில்லை, நாளுக்கு நாள் கொஞ்சமாகக் கூடித்தான் அங்கே வந்தது. ஒச்சாயிக்கு மொத்தமாக ஐந்து மணி நேரம்தான் குறைந்திருக்கும், நாலு நாள் முறை கொடுத்தால் போதும். பூவும் பிஞ்சுமாக நிற்கும் தக்காளி, சித்திரை வெயிலில் பதினோரு நாள் தண்ணீர் இல்லாமல் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா அவளைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஒச்சாயி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மண்வெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கத்தரிக் காட்டைப் பார்க்க நடந்தாள்.

அடுத்த ஞாயிறு பேட்டரிக் கடிகாரத்தை வாங்கி வந்து மாட்டுவதாக அருண்பாண்டியிடம் சொல்லிவிட்டு முத்துமீனா கிளம்பினாள். சின்னான் லேப்டாப் பையை வாங்கிச் சுமந்துகொண்டு மினி பஸ் முக்கு வரை கூடவே வந்தார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஊர் முன்னால் பெட்டிக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு நின்றபோது, அப்பா எல்லாம் தெரிந்துகொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாரே என்று நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை. பஸ் தூரத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தது.

"அவுககிட்டச் சொல்லலை, சரி" என்றாள். "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா?"

சின்னான் பையை அவள் தோளில் மாட்டிவிட்டார். வாரை இழுத்துச் சரி பண்ணினார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"ஒங்கிட்டச் சொன்னா நீ சரி பண்ணிப்புடுவயே தாயி."